மாணவர்களிடம் பத்து மாச அட்வான்ஸ் வாங்குவது நியாயமா?

மலர்_குரோம்பேட்டை:
எம்.எஸ்சி. படிக்கிற நாலு பேர் சேர்ந்து குரோம்பேட்டையில் ஒரு மாடி வீடு எடுத்திருந்தோம். வாடகை 14,000. அட்வான்ஸ் பத்து மாசம், 1,40,000. என் பங்கு 35,000-க்கு அம்மா தோட்டை அடகு வச்சாங்க. மே கடைசியில் காலி பண்ணினோம். பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகை, கிளீனிங்குக்கு 3,000, அடுப்படிச் சுவரில் எண்ணெய்க் கறைக்கு 5,000-ன்னு கழிச்சுட்டு, மீதி 1,18,000 “அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்”னாங்க. ஆகஸ்ட் ஆயிடுச்சு. தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கு. மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம் சொல்லுதே, அதை யாருமே மதிக்க மாட்டாங்களா?

சண்முகம்_சேலையூர்:
மலரும்மா, அடுத்த ஆள் வந்தாதான் காசுங்கிறது தப்பு. அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா பத்து மாசம் ஏன் கேக்குறாங்கன்னும் பாருங்க. 2022-ல் ரெண்டு மாச அட்வான்ஸுக்கு மூணு பசங்களுக்கு மாடியை விட்டேன். பரீட்சை முடிஞ்ச ராத்திரி சாவியை மீட்டர் பெட்டி மேல வச்சுட்டுப் போயிட்டாங்க. மூணு மாச வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி. பாத்ரூம் கதவு அடியில் ஊறி உப்பிப்போய் மூடவே வரல. எனக்குப் பென்ஷன் கிடையாது, அந்த வாடகைதான் மருந்துச் செலவுக்கு. இதுல மே, ஜூன்ல வீடு வேற காலியாக் கிடக்கும்.

மலர்_குரோம்பேட்டை:
சார், போன வருஷம் மே, ஜூன் ரெண்டு மாசமும் நாங்க ஊர்லதான் இருந்தோம். வாடகை முழுசாக் கட்டினோம். ஓடிப்போன பசங்களுக்காக ஒழுங்காக் கட்டினவங்க ஏன் அடகு வைக்கணும்?

அரசமரம்:
வழக்கறிஞரா இருக்கிறதால சொல்றேன். அந்தச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூணு மாச வரம்பு 11-ஆம் பிரிவில் இருக்கு. ஆனா அதோட தொடக்கமே ‘வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய’ங்கிறதுதான். பத்து மாசம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தா அந்த வரம்பு உங்களுக்கு உதவாது. என்னைக் கேட்டா, மாணவர்களை நட்டாத்துல விடுற வரி அதுதான். பேரம் பேசுற நிலைமையிலா அவங்க வீடு தேடுறாங்க?

ஆனா காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, உங்க பாக்கியை மட்டும் கழிச்சுட்டு மீதியைத் தரணும்னும் அதே பிரிவு சொல்லுது. சுவருக்கு வெள்ளையடிக்கிறதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறதும் இரண்டாம் அட்டவணையில் வீட்டுக்காரர் பொறுப்பாத்தான் இருக்கு.

சண்முகம்_சேலையூர்:
வக்கீல் சார், ஒரு மாச வாடகையைப் பெயிண்டுக்குப் பிடிக்காத வீடு சென்னையில் எது? நானும் பிடிச்சிருக்கேன். எண்ணெய்க் கறை குடியிருந்தவங்க பண்ணினதுதானே?

அரசமரம்:
கறையைப் போக்க ஆன செலவுக்குப் பில் காட்டிக் கேளுங்க, அது நியாயம். வீடு முழுக்க அடிக்கிற பெயிண்டை அவங்க தலையில் கட்டாதீங்க.

மேன்ஷன்_வாசி:
ஹாஸ்டல்ல இருக்கிறவங்களும் பில்லை ஒரு தடவை பாருங்க. மாசம் 20,000-க்குள்ள கட்டணம், தொடர்ந்து 90 நாளாவது தங்கினா ஜி.எஸ்.டி. கிடையாதுன்னு 2024 ஜூன்ல கவுன்சில் முடிவு பண்ணிடுச்சு. அதுக்கப்புறமும் என் தங்கச்சிகிட்ட 12 சதவீதம் வாங்கினாங்க. ரசீதைக் காட்டிச் சண்டை போட்டுத்தான் திரும்ப வாங்கினேன்.

மலர்_குரோம்பேட்டை:
ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பத்து மாசம்னுதான் இருக்கு. பெயிண்ட் பத்தி ஒரு வரி கூட இல்ல. குடி போன அன்னிக்கு வீட்டை ஒரு போட்டோ எடுத்து வைக்கல, அது எங்க தப்பு. கறைக்கு 5,000, கிளீனிங் 3,000 ஒத்துக்கிறோம், மீதி 1,32,000 வேணும்னு நாலு பேரும் கையெழுத்துப் போட்டு நாளைக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புறோம்.

சண்முகம்_சேலையூர்:
அனுப்புங்கம்மா. என் மாடிக்கு அடுத்த மாசம் ரெண்டு நர்சிங் பொண்ணுங்க வர்றாங்க. மூணு மாசத்துக்கு என்னால இறங்க முடியாது. நாலு மாசம்னு எழுதிப் பதிவு பண்ணப் போறேன். பெயிண்ட் காசு பிடிக்க மாட்டேன்னும் எழுதச் சொல்றேன்.

மலர்_குரோம்பேட்டை:
நாலு மாசம்னா எங்கள்ல ஆளுக்கு 14,000 வந்திருக்கும் சார். அந்தத் தோட்டைக் கழட்ட விட்டிருக்க மாட்டேன்.