பிளாக்மோர்ஸ் நைட்: மறுமலர்ச்சி இசையா, மாறுவேடப் போட்டியா?

பழைய_கேசட்:
இன்னொரு இழையில், "கெல்டிக், மறுமலர்ச்சிக் கால இசை கேட்க ஆசையா? பிளாக்மோர்ஸ் நைட் இரட்டையரிடமிருந்து தொடங்குங்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். கெல்டிக் என்றால் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துப் பாரம்பரிய இசை; மறுமலர்ச்சிக் காலம் என்றால் ஐரோப்பாவின் 15, 16ஆம் நூற்றாண்டுகள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே சண்டை போட்டால் இழை திசைமாறிவிடும் என்பதால் தனியாகத் திறக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரிச்சி பிளாக்மோர், டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் முன்னாள் கிட்டார்காரர். கிட்டார் கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லாம் முதலில் வாசித்துப் பார்த்துக் கடைக்காரரின் உயிரை வாங்குவார்களே, அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) இவர் கைவண்ணம்தான். 1975இல் ரெயின்போ குழுவைத் தொடங்கினார். அப்புறம் அந்தச் சத்தத்தையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, நியூயார்க் லாங் ஐலண்டைச் சேர்ந்த பாடகி கேண்டிஸ் நைட்டுடன் சேர்ந்து 1997இல் இந்தக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். இருவர் பெயரையும் ஒட்டினால் குழுவின் பெயர். 2008இல் திருமணமும் செய்துகொண்டார்கள்.

என் புகார் இதுதான். முதல் ஆல்பத்தில் ரெட்னெக்ஸ் என்ற ஸ்வீடன் டான்ஸ் பாப் குழுவின் பாட்டு இருக்கிறது. 2003 ஆல்பத்தில் அமெரிக்கப் பாடகி ஜோன் பயஸின் பாட்டு. 2010 ஆல்பத்தில் கிங்க்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் பாட்டு. இவற்றுக்கு வெல்வெட் உடுப்பு மாட்டிக் கோட்டை மதிலுக்கு முன்னால் நிற்கவைத்தால் 16ஆம் நூற்றாண்டு ஆகிவிடுமா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டல் பலகையில் எழுதியிருப்பது ஒன்று, இலையில் விழுவது ஒன்று.

நிலாப்பித்து:
மூன்று பாட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே சார். அதே முதல் ஆல்பத்தில் டீல்மன் சுசாட்டோவின் மெட்டு இருக்கிறது, அது கண்ணில் படவில்லையா? ஆன்ட்வெர்ப் நகரத்தில் அச்சகம் வைத்திருந்த இசைக்காரர் அவர். 1551இல் நடன இசைத் தொகுப்பு வெளியிட்டவர். 1999 ஆல்பத்தில் எட்டாம் ஹென்றி மன்னர் இயற்றிய பாட்டு இருக்கிறது. ஆமாம், ஆறு மனைவி ஹென்றியேதான். 2001 ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, ஸ்பெயினின் காஸ்டிலை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்சோவின் மெட்டிலிருந்து வந்தது. அது 13ஆம் நூற்றாண்டு, உங்கள் மறுமலர்ச்சிக்கே முந்தி!

கேண்டிஸ் மேடையில் ஷாம் ஊதுகிறார். சீவாளி வைத்து ஊதும் பழைய ஐரோப்பியக் குழல் அது. பிளாக்மோர் ஹர்டி-கர்டி என்ற பழைய தந்தி வாத்தியத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே வாசிக்கிறார். ராக் உலகத்தின் உச்சியில் இருந்த மனிதருக்கு இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு, உண்மையான ஆசை இல்லாவிட்டால்?

பர்ப்பிள்_வெறியன்:
அந்த ஆசையால் எங்களுக்குத்தானே நஷ்டம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின் கிட்டார் கையில் இருக்கும்போது ஹர்டி-கர்டி எதற்கு என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தொடருங்கள்.

தந்திமீட்டி:
நான் லூட் பழகுகிறவன், கிட்டார் போல மீட்டும் பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம் அது. ஆசை உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பிரச்சினை உடுப்பும் இல்லை, பாப் பாட்டும் இல்லை. அந்த மெட்டுகளை என்ன செய்கிறார்கள் என்பதுதான்.

சுசாட்டோவின் நடனத் துண்டுகள் நான்கு குரல்களுக்கு எழுதப்பட்டவை. ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். மேல் குரல் ஒரு பக்கம் போகும், நடுக்குரல்களில் ஒன்றான டெனர் அதற்கு எதிர்ப்பக்கம் நகரும், இன்னொரு நடுக்குரலான ஆல்டோ தன் வழியில் ஊடாடும். இந்த இரட்டையர் மேல் மெட்டை மட்டும் உருவிக்கொண்டு, அதற்கு அடியில் கிட்டாரின் சுர அடுக்குகள் (chord), டிரம், கீபோர்டிலிருந்து வரும் செயற்கை வயலின் கூட்டம் என்று போட்டுவிடுகிறார்கள். நடுக்குரல்கள் இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டன. மறுமலர்ச்சி இசையின் உயிரே அங்கேதான் இருந்தது.

ஆங்கில லூட் கலைஞர் ஜான் டவுலண்ட் 1597இல் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். இடது பக்கத்தில் மெட்டும் அதன் கீழே லூட்டுக்கான குறிமானமும் இருக்கும். ஆறு கோடுகள், அவற்றின் மேல் எந்தக் கட்டில் விரல் வைப்பது என்று காட்டும் எழுத்துகள். வலது பக்கத்தில் மற்ற மூன்று குரல்கள் மூன்று திசையைப் பார்த்து அச்சாகியிருக்கும். புத்தகத்தை மேஜையில் விரித்துவைத்தால் சுற்றி உட்காருகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் வரி நேராகத் தெரியும். ஒரு வீட்டுக் கூடத்தில் நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை அது. ஒரு நட்சத்திரப் பாடகியும் பின்னணிக் குழுவும் என்ற அமைப்பே அதில் இல்லை.

வழிப்போக்கன்:
அழகாகச் சொன்னீர்கள். ஆனால் பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே நூற்றாண்டில் டியேகோ ஓர்டிஸ் என்ற ஸ்பானியர் 1553இல் ரோமில் ஒரு பாடநூல் வெளியிட்டார். எதற்கு? விரும்பியபடி மெட்டை உடைத்து, நிரப்பி, மனோதர்மமாக வாசிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க. அடியில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும், அதன் மேல் வாசிப்பவர் இஷ்டத்துக்கு ஓடுவார். கிரீன்ஸ்லீவ்ஸ் என்ற பழைய ஆங்கிலப் பாட்டின் மெட்டும் அப்படிப்பட்ட தொடர் மேல் உட்கார்ந்ததுதான்.

இப்போது சொல்லுங்கள். அச்சடித்த நான்கு குரலையும் பிசகாமல் படித்து வாசிக்கிற கச்சேரிக்காரர் ஓர்டிஸுக்கு நெருக்கமா, ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு மாதிரி வாசிக்கிற பழைய ராக் ஆசாமி நெருக்கமா?

தந்திமீட்டி:
ஓர்டிஸை வைத்து நீங்கள் அடிப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நல்ல அடி. ஆனால் அவருடைய சுதந்திரத்துக்கு வேலி உண்டு. அடிக்குரலோடு எந்தச் சுரம் எங்கே மோதலாம், மோதியது எப்படி இறங்க வேண்டும் என்ற விதிகளுக்குள்தான் அந்த ஓட்டம். பிளாக்மோர் ஓடுவது அவர் 1970களில் ஓடிய அதே பாதையில். தந்தி மட்டும் மாறியிருக்கிறது.

பழைய_கேசட்:
இருவரும் மறுமலர்ச்சியிலேயே நின்றுவிட்டீர்கள். "கெல்டிக்" எங்கே? அயர்லாந்து ஹார்ப் (யாழ் போன்ற வாத்தியம்) என்றதும் எல்லோரும் சொல்கிற டர்லக் ஒ'கேரலன் பிறந்ததே 1670இல். மறுமலர்ச்சி முடிந்து ஊர் அடங்கியாகிவிட்டது. அவருடைய மெட்டுகளில் மறுமலர்ச்சிக்கு அடுத்து வந்த இத்தாலிய பரோக் பாணியின் வாடைதான் அடிக்கும். ஐரிஷ் கச்சேரிகளில் பார்க்கிற பூசூக்கி என்ற தந்தி வாத்தியம் கிரேக்க நாட்டிலிருந்து 1960களில் வந்து சேர்ந்தது. போரான் பறையை மேடைக்குக் கொண்டுவந்ததும் அதே பத்தாண்டில் ஷான் ஓ ரியாடா என்ற ஐரிஷ் இசையமைப்பாளர்தான். ஆக, 1500களின் லண்டனையும் 1960களின் டப்ளினையும் ஒரே மேடையில் நிறுத்தி "அந்தக் காலம்" என்கிறார்கள். எந்தக் காலம்?

கல்லூரணி:
இந்தக் கலவை எங்கே பிறந்தது என்று யாருமே கேட்கவில்லையே. ஐரோப்பாவில் இல்லை, அமெரிக்காவில். 1963இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபில்லிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியை தொடங்கிவைத்த மறுமலர்ச்சிச் சந்தை அப்படியே நாடு முழுக்கப் பரவியது. வார இறுதியில் ஜனங்கள் டியூடர் காலத்து (16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து) உடுப்பில் வருவார்கள். ஒரு மூலையில் ஈட்டிச் சண்டை, ஒரு மூலையில் வறுத்த வான்கோழிக் கால், இன்னொரு மூலையில் பேக்பைப். அங்கே ஸ்காட்லாந்துப் பாவாடைக்காரரும் எலிசபெத் ராணியும் பக்கத்துக் கடைக்காரர்கள். கெல்டிக்கும் மறுமலர்ச்சியும் ஒரே பையில் விழுந்தது இந்த மைதானத்தில்தான். இந்த இரட்டையரின் முதல் ஆல்பத்தில் அந்தச் சந்தையின் பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கிறது, ஒளித்துவைக்கவும் இல்லை. நிகழ்ச்சிக்கு அந்தக் கால உடுப்பில் வருகிறவர்களை முன்னால் உட்காரவைப்பதும் அதே சந்தைப் பழக்கம்தான்.

எனக்கு இதில் கோபமே இல்லை. அது 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நாட்டார் கலை. அந்தப் பெயரில் கேட்டால் அருமையான குழு. சுசாட்டோவின் 1551 என்ற பெயரில் கேட்டால்தான் வம்பு.

நிலாப்பித்து:
இல்லை, இந்த "அமெரிக்கச் சந்தையில் பிறந்த கலவை" என்பதை அப்படியே விட முடியாது. எலிசபெத் காலத்து லண்டனிலேயே அயர்லாந்து மெட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அரண்மனை இசைக்காரர் வில்லியம் பேர்ட் அப்படியொரு மெட்டை எடுத்து விர்ஜினல் என்ற விசைக்கருவிக்கு எழுதினார். அதே ஐரிஷ் பாட்டின் பல்லவியை ஷேக்ஸ்பியர் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் பிஸ்டல் என்ற பாத்திரத்தின் வாயில் உளறலாகப் போட்டார். அரண்மனை இசைக்காரரும் நாடகக் கொட்டகை ரசிகரும் ஒரே மெட்டைத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்றால் கலவை எங்கே பிறந்தது?

மெட்டு ஊர் மாறுவது எந்தக் காலத்தில் நின்றது? முத்துசுவாமி தீட்சிதர் ஒரு ஐரிஷ் நடன மெட்டுக்கு மீனாட்சி மேல் சம்ஸ்கிருத சாகித்தியம் போடவில்லையா? நோட்டுஸ்வரம் என்று குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள். மாறுவேடப் போட்டி என்று அதை யாரும் சொல்வதில்லை.

தந்திமீட்டி:
பேர்ட் அந்த மெட்டை எடுத்துத் தன் காலத்து முறைப்படி பிசைந்தார், தீட்சிதரும் தன் முறைப்படி சாகித்தியம் போட்டார். "இது பழைய அயர்லாந்து" என்று இருவரும் உடுப்பு மாட்டிக்கொண்டு விற்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வழிப்போக்கன்:
பழசைக் காப்பாற்றுகிறேன் என்று வந்தவர்களும் அதைத்தானே செய்தார்கள்? 1792இல் பெல்ஃபாஸ்டில் மிச்சமிருந்த ஹார்ப் வித்வான்களைக் கூட்டினார்கள். உலோகத் தந்தியை நீள நகத்தால் மீட்டும் பழைய முறை தெரிந்தவர் அங்கே டெனிஸ் ஹெம்ப்சன் என்ற கிழவர் ஒருவர்தான். எட்வர்ட் பன்ட்டிங் என்ற 19 வயதுப் பையன் எல்லாவற்றையும் எழுதி எடுத்தான். கடைசியில் அச்சிட்டது எப்படி? பியானோவுக்கு ஏற்றபடி, வரவேற்பறையில் வாசிக்க வசதியாக! அந்தப் பியானோப் புத்தகம் இல்லாவிட்டால் பாதி மெட்டு இன்று நம்மிடம் இருக்காது.

பழைய_கேசட்:
பன்ட்டிங்கோடு இவர்களை ஒப்பிட வேண்டாம் நண்பரே. அவர் அழிந்துகொண்டிருந்ததை எழுதிவைத்தார். இவர்கள் அச்சில் பத்திரமாக இருப்பதற்கு டிரம் போடுகிறார்கள்.

பர்ப்பிள்_வெறியன்:
டிரம் போடுவது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. அதையும் எடுத்துவிடாதீர்கள்.

நிலாப்பித்து:
@தந்திமீட்டி, உங்கள் வாத்தியத்திலேயே சாட்சி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ரோவாலன், ஸ்கீன் என்ற இசைக் கையெழுத்துப் பிரதிகள். 17ஆம் நூற்றாண்டின் முற்பாதி. பிரெஞ்சு நடனமும் உள்ளூர் மெட்டும் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒரு வீட்டில் ஒரே ஆள் இரண்டையும் வாசித்திருக்கிறார். லூட் வகுப்பில் இதைச் சொல்லித்தரவில்லையா?

தந்திமீட்டி:
சொல்லித்தந்தார்கள், வாசித்தும் இருக்கிறேன். அந்த உள்ளூர் மெட்டுகளில் பெரும்பாலானவை தாழ்நிலத்து ஸ்காட் பாட்டுகள், கேலிக் என்ற கெல்டிக் மொழி பேசியவர்களுடையவை இல்லை. ஆனாலும் உங்களுக்கு உதவுகிற ஒரு தகவலை நானே தருகிறேன். ஸ்கீன் பிரதியில் "போர்ட்" என்ற வகைத் துண்டுகள் உண்டு. மேல்நிலத்து கேலிக் ஹார்ப்காரர்களின் உருப்படிகள் அவை, லூட் குடும்பத்து வாத்தியத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். கெல்டிக்கும் மறுமலர்ச்சியும் நிஜமாகவே கைகுலுக்கிய இடம் என்றால் அதுதான்.

ஹார்ப் தந்தி நீளமாக ஒலித்துக்கொண்டிருக்கும், லூட் ஒலி சட்டென்று அணைந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்ப என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே தனிச் சுகம். இதில் ஒன்றை உங்கள் இரட்டையர் எந்த ஆல்பத்தில் வாசித்திருக்கிறார்கள்? பாட்டு எண் சொல்லுங்கள், இன்று ராத்திரியே கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். டிரம் இருந்தாலும் பரவாயில்லை.