தோட்டத்து மண் ரோட்டுக்கு எந்தக் கார்? பட்டவர்கள் சொல்லுங்கள்

பாடாங் செராய்க்காரன்:
தங்கைக்குக் கெடா, கூலிம் ஹைடெக் தொழில் பூங்காவில் வேலை கிடைத்திருக்கிறது. போக வர 40 கிலோமீட்டர், அதில் ஏழெட்டு கிலோமீட்டர் எங்கள் தோட்டத்துச் செம்மண் ரோடு. "அண்ணே, எண்ணெய் (பெட்ரோல்) குடிக்காத காரா ஒண்ணு பாரு" என்கிறாள். கார் விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்பதுதான் வேடிக்கை.

2016-இல் நான் வாங்கிய முதல் கார் ஒரு பழைய ஐரோப்பியக் கார். பேர் வேண்டாம். 2.0 லிட்டர் இன்ஜின், தோல் சீட், 15,000 வெள்ளி (ரிங்கிட்). பெரோடுவாவின் சின்னக் காரான புது ஆக்சியாவை விட மலிவு என்று வீட்டில் வாதாடி வாங்கினேன். கோயில் வாசலில் நிறுத்தியபோது எங்கள் தோட்டத்தில் முன்பு வேலையாட்களை மேய்த்த மண்டோர் தாத்தா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "யானை வாங்கிட்டே தம்பி, தீனிக்கு என்ன பண்ணப் போறே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

முதல் தீனி சாலை வரி. 1,998 சிசிக்கு வருஷம் 379 வெள்ளி. எண்ணெயும் லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான் கொடுத்தது. ஆனாலும் என்னைக் கவிழ்த்தது அதெல்லாம் இல்லை. ஒரு மழை நாள் சாயங்காலம், செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்து கொண்டிருந்தேன். கியர் ஒன்றிலேயே நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளி ஓரம் கட்டினார்கள். மறுநாள் டவுனில் எங்கள் போர்மேன் (கார் பழுது பார்ப்பவர்) பானட்டைத் திறந்து பார்த்து, அதே வேகத்தில் மூடினார். "இதுக்குக் கம்ப்யூட்டர் வேணும் தம்பி, என்கிட்ட ஸ்பேனர்தான் இருக்கு." இழுவை லாரியில் ஏற்றி பட்டர்வொர்த் கொண்டு போனேன். ஹாஃப்கட் கடையிலிருந்து (வெட்டிக் கொண்டுவந்த பழைய கார்ப் பொருள் விற்கும் கடை) கியர் பெட்டி வர மூன்று வாரம். பில் 4,800 வெள்ளி. அடுத்த வருஷம் காரை 4,000-க்குத் தள்ளிவிட்டேன்.

இப்போது ஓட்டுவது 2012 பெரோடுவா மைவி, 1.3 லிட்டர் இன்ஜின். லிட்டருக்கு 14 கிடைக்கிறது. நாளுக்கு 40 வீதம் 26 நாள், மாதம் 1,040 கிலோமீட்டர் ஓட்டினால், எண்ணெய் லிட்டருக்கு 1.99 வெள்ளி என்று வைத்தால் பழைய காருக்கு 207, இதற்கு 148. வித்தியாசம் மாதம் 59 வெள்ளி. அந்த ஒரு கியர் பெட்டிக் காசை எண்ணெயில் மிச்சம் பிடிக்க எனக்கு ஏழு வருஷம் ஆகும்! அதனால் தங்கைக்குக் கார் பார்க்கும்போது, நம் போர்மேன் கை வைக்கிற காரா என்பதை முதலில் பார்க்கிறேன். லிட்டருக்கு எத்தனை என்பது அப்புறம். நான் நினைப்பது சரியா? மற்றவர்களும் சொல்லுங்கள்.

லூனாஸ்காரர்:
சரிதான், ஆனால் எண்ணெயை அவ்வளவு லேசாக விடாதீர்கள். நான் தினமும் பினாங்கு பிறை வரை போகிறவன். 2023 ஆக்சியா, சிவிடி கியர் (ஒரு வகை ஆட்டோ கியர்). கையேட்டில் லிட்டருக்கு 25.3 என்று போட்டிருந்தார்கள். அது ஆய்வுக்கூடத்தில், ஏர்கோன் போடாமல் எடுத்த கணக்கு. நம் வெயிலில் ஏர்கோன் இல்லாமல் யார் ஓட்டுவது? எனக்கு நெடுஞ்சாலையில் 19, நெரிசலில் 16.

மீட்டரில் காட்டும் எண்ணையும் நம்பாதீர்கள். டேங்க் நிரம்பி பம்ப் தானாக நின்றதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அதே பம்பில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மூன்று தடவை செய்தால் உண்மை தெரிந்துவிடும். சாலை வரி 20 வெள்ளி என்பது இன்னொரு சந்தோஷம்.

இரவு ஷிப்ட்:
புரோட்டோன் சாகாவை யாருமே சொல்லவில்லையே. 2019 மாடல் 1.3 மேனுவல் வைத்திருக்கிறேன், சாலை வரி 70. எனக்கு 13தான் கிடைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்கிய விலையும் பொருள் விலையும் கட்டுப்படியானது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. இதில் இன்ஜின் வால்வை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட். மைவி, ஆக்சியா, பெஸ்ஸாவில் இருப்பது செயின். பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினே பிரிக்க வேண்டி வரும். 80,000 கிலோமீட்டரில் போர்மேன் சொன்னார், தண்ணீர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிட்டேன். பழைய சாகா வாங்குகிறவர்கள், "பெல்ட் எப்போ மாத்துனீங்க, ரசீது இருக்கா?" என்று கேளுங்கள். ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

கிராணி மகள்:
அண்ணன்மார் எல்லாம் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள். தோட்டத்து ரோட்டில் முதலில் போவது கீழ்ப்பக்கம். எங்கள் வீட்டுக்கும் ஆலைக்கும் இடையில் லாரி உழுத குழிகள். அந்த ரோட்டில் எந்தக் காராக இருந்தாலும் அதிர்ச்சி தாங்கும் அப்சார்பரும், சக்கரத்தைப் பிடிக்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் சீக்கிரம் தேயும். நான் 20 வேகத்துக்கு மேல் போவதில்லை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை டயர் காற்றுப் பார்க்கிறேன். காற்றுக் குறைந்தால் எண்ணெயும் கூடப் போகும், டயரும் ஓரத்தில் தேயும்.

நான் எடுத்தது பழைய பெரோடுவா பெஸ்ஸா 1.0. பூட் 508 லிட்டர், அப்பாவின் சக்கர நாற்காலி மடித்து உள்ளே போய்விடுகிறது. தைப்பூசத்துக்குப் பால்குடச் சாமானும் அதில்தான்.

பழைய கார் பார்க்கப் போனால் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். பெல்ட்டின் அடிப்பக்கத்தில் சேற்றுக் கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். ஸ்பேர் டயர் பள்ளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு புளித்த வாடை, இவற்றையும் பாருங்கள். அப்புறம் காப்புறுதி. அப்பா பேரில் ஏறியிருந்த 55 விழுக்காடு என்சிடி (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான கழிவு) என் பேருக்கு வரவில்லை. நான் சுழியத்திலிருந்து தொடங்கினேன். தங்கைக்கும் முதல் வருஷம் முழுக் காசு விழும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடாங் செராய்க்காரன்:
நன்றி அக்கா, காப்புறுதியை நான் நினைக்கவே இல்லை. எல்லாருடைய கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் போர்மேனிடம் காட்டினேன். சாகாவையும் பெஸ்ஸாவையும் தள்ளிவிட்டு, புது ஆக்சியா இ மேனுவல் எடுக்கச் சொன்னார். 2023-இல் காப்புறுதி நீங்கலாக 22,000 வெள்ளிக்கு வந்த அதே மாடல். "கிளட்ச் போனாக்கூட நானே மாத்திடுவேன்" என்றார். எனக்கும் மனசு நிறைந்தது.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். டிஏ. ஆட்டோ கியர் கார் மட்டும்தான் ஓட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு சுங்கைப்பட்டாணிக்கு ஒரு பழைய பெஸ்ஸா ஆட்டோ பார்க்கப் போகிறோம். சீட் பெல்ட்டை நான் இழுக்கிறேன். போர்மேனும் கூட வருகிறார்.