இந்த ஓவியத்தில் இருக்கும் பெண் என்ன சொல்கிறாள்?

தோழி ஒருத்தி வரைந்து கொடுத்த படம் இது. பாதி முகம் நீலம், பாதி ஆரஞ்சு. கொக்குக் கழுத்து. கண் இரண்டும் மூடியிருக்கு, ஆனா உள்ளங்கையில் ஒரு கண் திறந்திருக்கு! கூந்தல் இறங்க இறங்க இலைகளாகிவிடுகிறது. அர்த்தம் கேட்டால், "உனக்கு என்ன தோணுதோ அதுதான்" என்று சிரிக்கிறாள். (இதுக்கு நான் எதுக்கு அவகிட்ட கேட்கணும்?)

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1905-ல் தன் மனைவியை வரைந்தபோது, முகத்தில் நெற்றியிலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு இழுத்தார். அங்கே அது வெளிச்சத்தையும் நிழலையும் பிரிக்கும் கோடு. இங்கேயும் நீலம் வெறும் நிழல்தானா, இல்லை மனசா? சோகம் என்று எனக்குப் படவில்லை. உதட்டோரம் லேசாக மேலே வளைந்திருக்கு.

அந்தக் கையில் இருக்கும் கண்ணை நீங்க எப்படிப் பார்க்கிறீங்க? இடது கீழ்மூலையில் கேன்வாஸ் வெறுமனே கிடக்கு. வேணும்னே விட்டதா? ஓவியம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.