ஃப்ரீஆர்டிஓஎஸ்: ஃப்ளோட் சுவிட்ச் ஆடினாலே போர்டு ஹேங் ஆகுது, யாராவது சொல்லுங்க

மடிப்பாக்கம்_ஈசிஇ:
வீட்டு மொட்டைமாடி டேங்க்குக்கு மோட்டார் கன்ட்ரோலர் பண்றேன். எங்க தெருவுல மெட்ரோ வாட்டர் விடியக்காலைல தான் வரும், சம்ப் காஞ்சு கெடக்கும்போது மோட்டார் ஓடினா சீல் போயிடும், அதனால சம்ப்ல ஒரு ஃப்ளோட் சுவிட்ச், மேல டேங்க்ல அல்ட்ராசோனிக் சென்சார். போர்டு ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின ப்ளூ பில், சிப் எஸ்டிஎம்32எஃப்103, அதுல ஃப்ரீஆர்டிஓஎஸ், அதாவது பல டாஸ்க்கை மாத்தி மாத்தி ஓட்டுற சின்ன ஓஎஸ். லெவல் படிக்க ஒரு டாஸ்க், மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற ரிலேக்கு ஒரு டாஸ்க், நடுவுல தகவல் கைமாத்த ஒரு க்யூ. ராத்திரி முழுக்க நல்லா ஓடுது, ஆனா ஃப்ளோட் இன்டரப்ட் (நடக்குற வேலையை நிறுத்திட்டு என்னை கவனின்னு சிப்புக்கு வர்ற சிக்னல்) வந்த உடனே எல்இடி கூட நின்னுடுது, ரீசெட் அடிச்சா தான் உயிர் வருது. ஆர்டிஓஎஸ் எனக்கு புதுசு.

கிண்டி_எம்பெடட்:
தம்பி, இன்டரப்ட் ஃபங்ஷன் உள்ள எதை கூப்பிடுற? சாதா க்யூ சென்ட்-ஆ, இல்ல ஃப்ரம் ஐஎஸ்ஆர்-னு முடியுறதா (ஐஎஸ்ஆர்னா இன்டரப்ட் ஃபங்ஷன் தான்)? சாதா சென்ட் க்யூ நிறைஞ்சிருந்தா டாஸ்க்கை தூங்க வைக்கப் பாக்கும், இன்டரப்ட் உள்ள தூங்க வைக்க டாஸ்க்கே கிடையாதே. இன்னொண்ணு, ஹேங் ஆனதும் ரீசெட் அடிக்காத, எஸ்டி லிங்க் டீபக்கரை மாட்டி பாஸ் பண்ணி எந்த வரியில நிக்குதுன்னு பாரு.

மடிப்பாக்கம்_ஈசிஇ:
ஃப்ரம் ஐஎஸ்ஆர் தான்ணா போட்டிருக்கேன். பாஸ் பண்ணா போர்ட் டாட் சி ஃபைல்ல வேலிடேட் இன்டரப்ட் ப்ரையாரிட்டின்னு ஒரு ஃபங்ஷன், அதுல அசர்ட் (தப்பு தெரிஞ்சா அங்கேயே நிறுத்துற சோதனை) லூப்ல சுத்திட்டு இருக்கு. என்விஐசி-ல, அதாவது சிப்ல இன்டரப்ட்களை கவனிக்கிற பகுதில, ப்ரையாரிட்டிய நானே கையால 0-னு எழுதினேன், முக்கியமான இன்டரப்ட் ஆச்சேன்னு.

கிண்டி_எம்பெடட்:
அதே தான். உன் சிப்போட கோர் கார்டெக்ஸ் எம்3, அதுல நம்பர் குறைய குறைய அவசரம் கூடும், 0 தான் எல்லாத்துக்கும் மேல. உன் சிப்ல 4 பிட், அதாவது 0-ல இருந்து 15 வரைக்கும். கான்ஃபிக் ஃபைல்ல மேக்ஸ் சிஸ்கால் இன்டரப்ட் ப்ரையாரிட்டின்னு ஒண்ணு இருக்கும், எஸ்டியோட க்யூப்எம்எக்ஸ் டூல்ல ப்ராஜெக்ட் போட்டிருந்தா பொதுவா 5. கெர்னல், அதாவது ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸோட மையப் பகுதி, தன்னோட டாஸ்க் லிஸ்ட்டை திருத்துற நேரத்துல 5-ல இருந்து 15 வரைக்கும் உள்ள இன்டரப்ட்களை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைக்கும், 0-ல இருந்து 4 வரைக்கும் கெர்னலுக்கு அடங்காது, எப்ப வேணா நடுவுல பூந்துடும், அப்படி பூந்து க்யூவ தொட்டா லிஸ்ட் பாதி எழுதினபடி உடையும், அது என்னைக்கோ ஒரு நாள் சம்பந்தமே இல்லாத இடத்துல ஹார்ட் ஃபால்ட்டா, அதாவது சிப்பே மேல ஓட முடியாம நிக்கிற பிழையா, வெடிக்கும். அதைத் தடுக்கத் தான் அசர்ட் உன்னை அங்கேயே நிறுத்தியிருக்கு, தயவுசெஞ்சு அதை எடுத்துடாத. ப்ரையாரிட்டிய 6-னு மாத்து, ப்ரையாரிட்டி க்ரூப் 4-ல இருக்கான்னும் பாரு, அப்ப தான் 4 பிட்டும் அவசர வரிசைக்கே போகும். இன்டரப்ட் ஃபங்ஷன் கடைசில, உடனே டாஸ்க்கை மாத்தச் சொல்ற யீல்ட் ஃப்ரம் ஐஎஸ்ஆர் போடு, இல்லன்னா ரிலே டாஸ்க் ஓஎஸ் கடிகாரத்தோட அடுத்த டிக் வரைக்கும் காத்துட்டு இருக்கும்.

மடிப்பாக்கம்_ஈசிஇ:
6 போட்டேன், ஃப்ளோட்ட கையால எத்தனை தடவ ஆட்டினாலும் நிக்கல, ரொம்ப தேங்ஸ்ணா! ஆனா லெவலை சீரியல்ல பாக்கலாம்னு எண்ணை எழுத்தா மாத்துற எஸ்பிரின்ட்எஃப் சேர்த்தா இப்ப ஹார்ட் ஃபால்ட். டாஸ்க் ஸ்டாக் (டாஸ்க் தற்காலிகமா எழுதி வைக்கிற மெமரி) 128. ஃப்ரெண்டு இஎஸ்பி32-ல 2048 வைக்கிறான், நானும் அப்படியே வைக்கவா?

கயல்_ஃபர்ம்வேர்:
அப்படியே எடுத்து வைக்காதப்பா. இஎஸ்பி32-க்கான இஎஸ்பி ஐடிஎஃப்ல ஸ்டாக் கணக்கு பைட்ல, உன் எஸ்டிஎம்32-ல வேர்ட்ல, ஒரு வேர்ட் 4 பைட். உன் 128 அப்படின்னா 512 பைட், தசமத்தோட எஸ்பிரின்ட்எஃப் அடிக்க அது பத்தாது. 2048 வச்சா ஒரே டாஸ்க் 8 கேபி தின்னுடும், உன்கிட்ட மொத்தமே 20 கேபி ராம். 256 வச்சு ஓட்டு, ஸ்டாக் ஹை வாட்டர் மார்க்கை கூப்பிட்டு குறைஞ்சபட்சம் எவ்வளவு மிச்சம் இருந்துச்சுன்னு பாத்து கூட்டு குறை. ஸ்டாக் நிரம்பி வழியுதான்னு பாக்குற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ செக்கை கான்ஃபிக் ஃபைல்ல 2-ல வை, பெரும்பாலும் அதுவே எந்த டாஸ்க்குன்னு பேரோட காட்டிக் குடுத்துடும். டாஸ்க் கிரியேட் பாஸ்னு திருப்பிக் குடுக்குதான்னும் பாக்கணும், டாஸ்க்குக்கு இடம் எடுக்குற ஹீப் மெமரி பத்தலன்னா அந்த டாஸ்க் உருவாகவே உருவாகாது. உண்மையில தசமமே வேண்டாம், லெவலை மில்லிமீட்டர்ல முழு எண்ணா அனுப்பு.

கிண்டி_எம்பெடட்:
கயல் சொல்றது சரி. நான் முக்கியமா சொல்ல வந்தது வேற: அசர்ட்ல நிக்கும்போது ரிலே ஆன்ல இருந்தா மோட்டார் ஓடிட்டே இருக்கும், கீழ சம்ப் காலி. வீட்ல மாட்டுறதுக்கு முன்னாடி இன்டிபென்டன்ட் வாட்ச்டாகை (நேரத்துக்கு புதுப்பிக்கலன்னா போர்டை ரீசெட் பண்ற டைமர்) ஆன் பண்ணு, அதுக்கு தனி கடிகாரம், ப்ரோக்ராம் செத்தாலும் அது எண்ணிட்டு இருந்து ரீசெட் அடிச்சுடும். ரெண்டு டாஸ்க்கும் உயிரோட இருக்குன்னு கொடி காட்டினா மட்டும் அதை புதுப்பி, டைமர் இன்டரப்ட்ல வச்சு புதுப்பிச்சா டாஸ்க் செத்தது தெரியாமலே போயிடும். ரீசெட் நேரத்துல பின் எல்லாம் இன்புட்டா மிதக்கும், அதனால உன் ரிலே போர்டு லோ-ல ஆன் ஆகுற வகைன்னா பின்னை ஹை-ல பிடிச்சு வைக்கிற புல் அப், ஹை-ல ஆன் ஆகுறதுன்னா லோ-ல பிடிச்சு வைக்கிற புல் டவுன், ஒரு 10 கே ரெசிஸ்டர் போட்டுடு.

மடிப்பாக்கம்_ஈசிஇ:
லோ-ல ஆன் ஆகுற வகை தான்ணா, 3.3 வோல்ட்டுக்கு 10 கே புல் அப் போட்டுடறேன். 256 வேர்ட்ல இப்ப ஹை வாட்டர் மார்க் 90 சொச்சம் காட்டுது, ஹார்ட் ஃபால்ட் வரல. வாட்ச்டாக் போட்டு ஒரு டாஸ்க்கை வேணும்னே நிறுத்தி, ரிலே விழுதான்னு பாத்துட்டு தான் மாடிக்கு ஏத்துவேன்.