கருவாட்டு உப்பு: டம்ளரா, தராசா?

பாம்பன்காரன்:
5 கிலோ பாறை மீன், கழுவிக் கீறி வச்சாச்சு. குறிப்புல "நாலு டம்ளர் மீன் துண்டுக்கு ஒரு டம்ளர் உப்பு"ன்னு போட்டிருக்கு. கிராம்ல எவ்வளவு?

வாலிநோக்கத்தான்:
அந்த டம்ளர் கணக்கைக் கிராமா மாத்தவே முடியாது தம்பி. நாலுக்கு ஒண்ணுங்கிறது எடைக் கணக்கு. செவுள், குடல் போக நிக்கிற எடை 5 கிலோன்னா உப்பு 1,250 கிராம். டம்ளர்ல மீன் துண்டைப் போட்டா இடையில காத்துதான் நிறைய நிக்கும். 200 மில்லி டம்ளர்ல தூளுப்பு தலைதட்டி அளந்தா 240 கிராம் பக்கம் வரும். கல்லுப்பு 200 கிராமைத் தாண்டுறதே அரிது, கல் பெருசானா இன்னும் குறையும். பிறகு எந்த டம்ளர்னு சொல்லுறது?

கீழக்கரை அடுப்படி:
தராசு மட்டும் உண்மை பேசுதா காக்கா (அண்ணே)? உப்பளத்துல இருந்து நேரே வர்ற கல்லுப்புல மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும், அது காத்துல உள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில மூட்டை அடியே நனைஞ்சு கிடக்கும். நீங்க நிறுக்கிற 1,250 கிராம்ல தண்ணிக்கும் சேத்துதானே எடை? உப்பு குறைஞ்சா நடுமுள் ஓரம் சதை குழைஞ்சு நாறும். டம்ளர்னா அந்தத் தொல்லை இல்லை.

வாலிநோக்கத்தான்:
ஈரம்பத்திச் சொன்னது சரி லாத்தா (அக்கா). ஆனா டம்ளர் அதைவிட மோசம். ஈர உப்பு கட்டிகட்டியா ஒட்டி நடுவுல பொந்து விடும், ஒரே டம்ளர் ஒவ்வொரு தடவையும் வேற எடை காட்டும். ஈரத்துக்குக் கணக்கு இருக்கு: 100 கிராம் உப்பை இரும்புச் சட்டியில சூடாக்கி, ஈரம் போனதும் திரும்ப நிறுங்க. 92 நின்னா, 1,250-ஐ 0.92-ஆல வகுங்க, 1,360 கிராம் போடணும். எட்டு சதவீதத்துக்காகத் தராசைத் தூக்கிப் போடலாமா?

கீழக்கரை அடுப்படி:
சரி, அதை ஒத்துக்கிடுறேன். ஆனா தூளுப்பை எடைக்கு எடை மாத்திப் போடலாம்னு யாரும் நினைச்சிரக் கூடாது. பொடி உப்பு மட்டும் போட்டா மேல்சதையைச் சட்டுன்னு இறுக்கிடும், உள்ளே உப்பு ஏறாது. வெளியே காஞ்ச மாதிரி தெரியும், உள்ளே கெட்டிருக்கும். தராசு இதைச் சொல்லாது. நடுத்தரமா உடைச்ச கல்லுப்புதான் வேணும். அப்புறம், மஞ்சள்தூள் மாதிரிச் சின்ன அளவுக்கு ஒவ்வொரு கிராமா மட்டும் காட்டுற தராசு ஆகாது. 3 கிராமை 2-ன்னும் காட்டும், 4-ன்னும் காட்டும். அங்கே 5 மில்லி கரண்டிதான், தலைதட்டி.

வாலிநோக்கத்தான்:
மஞ்சளுக்குக் கரண்டி, ஒத்துக்கிட்டேன். முண்டு மிளகாய்க்கு மட்டும் டம்ளர் பேசாதீங்க. உருண்டை, உள்ளே காலி, டம்ளர் நிறைஞ்சாலும் எடை ஒண்ணும் இருக்காது.

பாம்பன்காரன்:
மீன் காய வைக்கிற வாடியில தராசு இல்ல அண்ணே, டம்ளர்தான். என்ன செய்ய?

வாலிநோக்கத்தான்:
வீட்டுத் தராசுல காலி டம்ளரை வச்சுப் பூஜ்யமாக்கு. வாடிக்குக் கொண்டுபோற அதே மூட்டை உப்பைக் காய வச்சு, தட்டாம, அழுத்தாம, தலைதட்டி மூணு தடவை நிறு. சராசரியை டம்ளர் மேலேயே எழுதிடு. 190 வந்தா 1,250-க்கு ஆறரை டம்ளர். மூட்டை மாறினா திரும்ப நிறு.

கீழக்கரை அடுப்படி:
அடுக்கும்போது கீறின சதைப்பக்கத்துக்கும் செவுள் குழிக்கும் கூடுதலா அப்பு தம்பி. நெத்திலிக்கு இந்தக் கணக்கே வேண்டாம், உப்பில்லாமலே வெயில்ல காயும்.