நோர்டென்ஷோல்ட் குடும்பத்தை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

ஹெல்சிங்கியிலிருந்து

இந்த ஊரில் ஐஸ் ஹாக்கி பார்க்கப் போகிறவர்கள் “நோர்டிஸுக்குப் போகிறேன்” என்பார்கள். தோலோ பகுதியில், நோர்டென்ஷோல்ட் தெருவில் இருக்கும் பனி அரங்கம் அது. துருவக்கடல் பயணி அடோல்ஃப் எரிக் நோர்டென்ஷோல்ட் பெயரில் அந்தத் தெரு அங்கே அமைந்ததில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு, ஏனென்றால் அவருடைய தலையெழுத்து மாறியதே தோலோவில்தான். 1855-ல், பின்லாந்து ரஷ்யப் பேரரசுக்குக் கீழே இருந்த காலம், கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு விடுதியில் நடந்த விருந்தில் இருபத்து மூன்று வயது இளைஞர் ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காத விதமாகப் பேசிவிட்டார். 1857-ல் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசியதும் கவர்னர் ஜெனரல் பெர்குக்குப் பொறுக்கவில்லை. அப்புறம் ஊரைவிட்டுக் கிளம்புவதைத் தவிர வழியில்லாமல் போய்விட்டது. மறு வருடமே ஸ்டாக்ஹோமில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கனிமப் பிரிவுக்குத் தலைவரானார்.

அவர் வளர்ந்த வீட்டைப் பார்க்க வேண்டுமென்று ஒரு கோடையில் மேன்ட்சேலா போனோம். ஃப்ருகோர்ட் என்றும் ஆலிகார்டானோ என்றும் சொல்லப்படும் பண்ணைவீடு. மரத்தால் கட்டியது, சுற்றிலும் வயலும் பழைய மரங்களும். அவருடைய அப்பா நில்ஸ் குஸ்தாஃப் பின்லாந்துச் சுரங்கத் துறையின் தலைமை அதிகாரி. வீடு முழுக்கக் கற்களும் புத்தகங்களுமாக இருந்த இடத்தில், அப்பாவோடு சுரங்கம் சுரங்கமாக அலைந்து வளர்ந்த பையன் வடதுருவப் பக்கம் போனதும் முதலில் கல்லைத்தான் பார்த்தான் என்பதில் ஆச்சரியமில்லை.

ஐரோப்பாவிலிருந்து வடகடல் வழியாகவே பசிபிக் கடலுக்குப் போன அவருடைய வேகா கப்பல் பயணம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1878 ஜூலையில் நார்வேயின் ட்ரோம்ஸோவை விட்டுக் கிளம்பி, சைபீரியாவின் வடகரையை ஒட்டிக்கொண்டே கிழக்கே போனார்கள். ஆகஸ்ட் 19-ல் ஆசியாவின் வடகோடியான செல்யுஸ்கின் முனை. செப்டம்பர் 28-ல், பசிபிக்குக்கு வாசலான பெரிங் நீரிணைக்குச் சுமார் 200 கிலோமீட்டர் இருக்கும்போது கப்பல் பனியில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அந்த வருடமே கடந்திருக்கலாம். மறு ஜூலை 18 வரை அசைய முடியவில்லை.

என்னை இழுத்தது அந்தப் பத்து மாதம்தான். கரையில் சுக்சி மக்களின் கூடாரங்கள், தினமும் ஆட்கள் கப்பலுக்கு வந்து போகிறார்கள், நோர்ட்க்விஸ்ட் என்ற அதிகாரி உட்கார்ந்து அவர்கள் மொழியைக் கற்றுச் சொற்பட்டியல் எழுதுகிறார். குளிர்காலம் முழுக்க வானிலையும் காந்தப் புலமும் அளந்தார்கள். கப்பலில் முப்பது பேர், ஒருவர்கூடச் சாகவில்லை, பழமும் காய்கறியும் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயும் எட்டிப் பார்க்கவில்லை. துருவப் பயணம் என்றாலே பிணக்கணக்கு என்றிருந்த காலத்தில் இதைத்தான் நான் பெரிய சாதனை என்பேன்.

அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பழைய நிலப்படங்கள் இப்போது எங்கள் ஊர் தேசிய நூலகத்தில் இருக்கின்றன, 1997-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் ஏறிவிட்டன. விரட்டிய ஊருக்கே அவர் சேகரித்தது வந்து சேர்ந்தது. சரி, உங்கள் சந்திப்புகளை எழுதுங்கள். கப்பலோ கல்லோ தெருப்பெயரோ, எதுவானாலும் பரவாயில்லை.

இரத்தினபுரியிலிருந்து

நான் அப்பாக்காரர் நில்ஸ் குஸ்தாஃபைச் சந்தித்தவன், கல் வழியாக.

எங்களுக்கு இலங்கையில் இரத்தினக் கல் வியாபாரம். வாப்பா காலத்திலிருந்து இரத்தினபுரிக்கும் பேருவளைச் சீனங்கோட்டைக்கும் நடுவில்தான் எங்கள் வாழ்க்கை. சின்ன வயதில் ஒரு நாள் காலையில் வாப்பா ஒரு சின்னக் கல்லைக் கையில் தந்து வெயிலில் பார்க்கச் சொன்னார், நீலம் கலந்த பச்சை. பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போய் மெழுகுதிரி வெளிச்சத்தில் பிடித்தார். அதே கல் ஊதா கலந்த சிவப்பு. அலெக்ஸாண்ட்ரைட். இப்போதுகூட இந்தக் கல்லுக்கு வெள்ளை எல்.ஈ.டி. டார்ச்சை நம்ப முடியாது, நிற மாற்றம் சரியாகத் தெரியாது. மஞ்சள் வெளிச்சம் தரும் பழைய பல்பு ஒன்று பையில் இருக்க வேண்டும்.

இந்தக் கல் முதலில் கிடைத்தது யூரல் மலைகளில், மரகதச் சுரங்கங்களில். அதை ஆராய்ந்து, ரஷ்ய இளவரசர் அலெக்ஸாண்டரின் பெயரை வைத்தவர் என்று கற்கலையில் எல்லோரும் சொல்வது நில்ஸ் குஸ்தாஃப் நோர்டென்ஷோல்டைத்தான். நம்முடைய வைடூரியமும் அதே கனிம இனம்தான், கிரைசோபெரில். உள்ளே மிகக் கொஞ்சம் குரோமியம் சேர்ந்திருப்பதுதான் இந்த நிற மாற்றத்துக்குக் காரணம். ஃபினகைட் என்ற கல்லையும் 1833-ல் அவரே அடையாளம் கண்டார். பார்க்கப் படிகக்கல் (குவார்ட்ஸ்) மாதிரியே இருக்கும், கை பழகாதவர்கள் ஏமாந்துவிடுவார்கள்.

இனி மகன் கதை. மேலே எழுதியவர் வேகா கப்பலைப் பெரிங் நீரிணையோடு விட்டுவிட்டார். அது ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர் என்று சுற்றி 1879 டிசம்பரில் எங்கள் காலித் துறைமுகத்துக்குத்தான் வந்தது. பனிக்கடலில் பத்து மாதம் கிடந்த மனிதர், ஐரோப்பாவில் பாராட்டு விழாக்கள் காத்திருக்கும்போது, கப்பலை விட்டு இறங்கி எங்கள் இரத்தினபுரிக்கு மாணிக்கக் குழிகளைப் பார்க்க வந்திருக்கிறார்! இதை முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அவர் பார்த்த வேலையில் இன்னும் பெரிய மாற்றம் வந்துவிடவில்லை. குழி இடிந்து விழாமல் நான்கு பக்கமும் மரச் சட்டம் கொடுத்து, சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் பன்னம் என்ற பெரணித் தழையை அடைத்து இறக்குவார்கள். அடியில் கல்லிருக்கும் சரளைப் படிவை ‘இல்லம்’ என்போம். அதை மேலே ஏற்றி, கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். மண்ணும் லேசான கல்லும் வெளியே போய்விடும், கனமானது நடுவில் தங்கும். கடைசிக் கூடையைச் சரித்து வெயிலில் பிடித்துப் பார்க்கிற அந்த நிமிடம் குழி ஓரத்தில் ஒருவரும் பேச மாட்டார்கள்.

அப்பா பெயர் வைத்த கல் இந்த மண்ணிலும் கிடைக்கிறது. மகன் இங்கே வந்த சமயம் அது அவர் கண்ணில் பட்டதோ இல்லையோ, இரண்டு பேரும் எங்கள் தொழிலுக்குச் சொந்தக்காரர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அரியலூரிலிருந்து

இந்தக் குடும்பத்தில் எனக்குப் பரிச்சயம் ஓட்டோ நோர்டென்ஷோல்ட். அடோல்ஃப் எரிக்கின் சகோதரி மகன். நான் புவியியல் படித்தவன், சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற எங்கள் ஊர்க் குழிகளில் தொல்லுயிர் எச்சம் தேடி அலைவது கல்லூரிக் காலத்துப் பழக்கம். எங்கள் பேராசிரியர் ஒரு அம்மோனைட்டை, அதாவது சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரின் எச்சத்தை, கையில் கொடுத்து, விரலால் தடவிப் பார் என்றார். சுருளின் மேல் விலா எலும்புபோல வரிகள், அந்த வரிகளின் மேல் பல் பல்லாகச் சின்ன நெளிவு. “இது கன்னரைட்டிஸ். இதே வகை அண்டார்டிகாவில் இருக்கு, ஸ்வீடன்காரங்க கொண்டுவந்தாங்க” என்றார். அன்றைக்குத்தான் ஓட்டோவின் பெயரைக் கேட்டேன்.

அந்தக் கற்களைக் கொண்டுவர அவர்கள் பட்ட பாடு சாதாரணமில்லை. 1901 அக்டோபரில் கோதன்பர்கிலிருந்து ‘அண்டார்டிக்’ என்ற கப்பலில் கிளம்பினார்கள், கேப்டன் லார்சன். 1902 பிப்ரவரியில் ஓட்டோவும் ஐந்து பேரும் அண்டார்டிகாவின் ஸ்நோ ஹில் தீவில் மரக்குடிசை போட்டுத் தங்கினார்கள். அதில் ஒருவர் அர்ஜென்டினாக் கடற்படையைச் சேர்ந்த இளைஞர் சொப்ரால். ஒரு குளிர்காலம் என்று திட்டம். ஆனால் கூட்டிப்போக வந்த கப்பலால் பனியைத் தாண்டி வர முடியவில்லை. மூன்று பேரை ஹோப் பே என்ற இடத்தில் இறக்கி, நடந்துபோய்ச் சேதி சொல்லச் சொன்னார்கள். கடல் திறந்து கிடந்ததால் அவர்களால் போய்ச் சேர முடியவில்லை. 1903 பிப்ரவரியில் பனி நெரித்துக் கப்பலே மூழ்கியது, அதிலிருந்தவர்கள் பாலெட் தீவுக்கு நடந்து ஒதுங்கினார்கள். ஆக மூன்று கூட்டம் மூன்று இடத்தில், ஒருவருக்கு மற்றவர் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் ஒரு துருவக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஹோப் பேயில் மாட்டிய மூவரும் கல்லை அடுக்கிக் குடில் கட்டி, பென்குயினும் சீலும் தின்று, சீல் கொழுப்பை எரித்து உயிர் பிழைத்தார்கள். அந்தக் கடைசி நிலைமையிலும் மூவரில் ஒருவரான ஆண்டெர்சன் அங்கே பாறையில் தொல்தாவர எச்சங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

1903 அக்டோபர் 12. ஓட்டோ பனிச்சறுக்கு வண்டியோடு போகும்போது எதிரே இரண்டு மூன்று கரிய உருவங்கள். முகமும் துணியும் கொழுப்புப் புகை படிந்து கறுத்துப் போயிருந்ததால் தன் ஆட்களையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த இடத்துக்கு ‘நற்சந்திப்பு முனை’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நவம்பர் 8-ல் அர்ஜென்டினாவின் ‘உருகுவே’ கப்பல் இரிசார் தலைமையில் ஸ்நோ ஹில்லுக்கு வந்தது. அன்று இரவே லார்சனும் படகு வலித்து, நடந்து அங்கே வந்து சேர்ந்தார்! பாலெட் தீவில் வென்னெர்ஸ்கோர்ட் என்ற இளம் மாலுமி ஒருவர் மட்டும் குளிர்காலத்தில் இறந்துபோனார்.

அந்தப் பயணத்து அம்மோனைட்டுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் 1909-ல் விவரித்தபோது தென்னிந்திய வகைகளோடு உறவு காட்டினார்கள். அந்தக் காலத்தில், கண்டங்கள் ஒட்டியிருந்து பிரிந்து நகர்ந்தன என்று சொல்லும் கண்ட நகர்வுக் கொள்கையே இன்னும் வரவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். சேமூர் தீவில் கிடைத்த ராட்சதப் பென்குயின் எலும்புக்கு ஓட்டோவின் பெயரைச் சேர்த்தே பெயரிட்டார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தது பயணக் கடன்தான், வருடக்கணக்கில் அடைத்தார். 1928-ல் கோதன்பர்க் தெருவில் பேருந்து மோதி இறந்தார். அரியலூர்க் குழியில் அம்மோனைட் கிடைக்கும் போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

டென்வரிலிருந்து

நான் சந்தித்தது குஸ்தாஃபை, அடோல்ஃப் எரிக்கின் மகன். கொலராடோவில் மேசா வெர்டே தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கிளிஃப் பேலஸ் என்ற பழைய பாறைக்குடியிருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வெதெரில் மேசா பக்கம் கோடையில் மட்டும் திறப்பார்கள், கூட்டம் குறைவு. அங்கே ‘நோர்டென்ஷோல்ட் 16-ஆம் இடம்’ என்ற பலகையைப் பார்த்து நடந்து போனோம். காட்டுத்தீயில் கருகிய மரங்களுக்கு நடுவே நல்ல வெயிலில் நடை, முடிவில் பள்ளத்தாக்கின் விளிம்பு. எதிரே பாறை விலாவுக்குள் செருகி வைத்த மாதிரி பழைய புவெப்லோ பழங்குடி மக்களின் வீடுகள்.

குஸ்தாஃப் 1891-ல் இங்கே வந்தபோது வயது 23, காசநோய். அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களான வெதெரில் சகோதரர்கள் குகைவீடுகளைக் காட்டியதும் திரும்பிப் போக மனம் வராமல் தங்கிவிட்டார். மற்றவர்கள் மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்த இடத்தில் கொத்துக்கரண்டியால் தோண்டவும், எது எங்கே கிடந்தது என்று குறித்து வைக்கவும் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். படம் எடுத்தார், வரைந்தார், 1893-ல் எல்லாவற்றையும் நூலாகப் போட்டார், 1895-ல் இறந்தார். 26 வயது.

ஆனால் 1891-ல், தோண்டியெடுத்த பொருட்களைப் பெட்டி பெட்டியாக ரயிலேற்றப் போனபோது பக்கத்து ஊரான துராங்கோவில் ஓட்டலிலேயே கைது செய்தார்கள். தடுக்கச் சட்டம் எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார்கள், பொருட்கள் ஸ்வீடன் போய், ஆன்டெல் என்ற பின்லாந்துச் சேகரிப்பாளர் கைக்கு மாறி, அவர் உயில்படி பின்லாந்துக்குச் சேர்ந்தன. அமெரிக்காவில் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1906-ல்தான். பெட்டிகளில் பானையும் கூடையும் மட்டும் இல்லை, மனித எலும்புகளும் இருந்தன. புவெப்லோ வழிவந்த ஹோப்பி, சூனி மக்களுக்கு அது முன்னோர்களின் உடல். அந்த விளிம்பில் நின்றபோது எனக்கு உறுத்தியது அதுதான். அவ்வளவு கவனமாகக் குறிப்பெடுத்த மனிதர், அருகிலேயே வாழ்ந்த வாரிசுகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2020 செப்டம்பரில் 20 பேரின் எச்சங்களும் கூடவே புதைத்திருந்த 28 பொருட்களும் ஹெல்சிங்கியிலிருந்து திரும்பி வந்தன, அந்த மக்களே மேசா வெர்டேயில் மறுபடி அடக்கம் செய்தார்கள். மீதிச் சேகரிப்பு இன்னும் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அவர்கள் கேட்டால் அதையும் கொடுத்துவிட வேண்டும் என்பேன்.

மீண்டும் ஹெல்சிங்கியிலிருந்து

டென்வர் நண்பர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அதே வீட்டில் பிறந்த தம்பி எர்லண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்னமெரிக்கா முழுக்கச் சுற்றியவர், கோதன்பர்க் அருங்காட்சியகத்தில் இனவரைவியல் பிரிவை வளர்த்தவர். 1931-ல் பனாமாவின் குனா மக்களில் ஒருவரான ரூபென் பெரெஸ் கந்துலேயைக் கோதன்பர்குக்கு வரவழைத்து, கூடவே உட்கார்ந்து அந்த மக்களின் வரலாற்றை எழுதினார். எர்லண்ட் 1932-ல் இறந்துவிட, நூல் 1938-ல் வெளிவந்தது, பெரெஸ் கந்துலேயின் பெயரையும் தாங்கி. கோதன்பர்கில் இருப்பவர்கள் யாராவது அந்தச் சேகரிப்பைப் பார்த்திருந்தால் விவரமாக எழுதுங்கள், காத்திருக்கிறேன்.