படகைத் தொடும் தண்ணீர் நின்றுவிடும் என்றால் டீசல் எங்கே போகிறது?

கேள்வி (காசிமேடு, மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு):

அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருக்கிறது. ஏப்ரல் 15 விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றி அடிப்பகுதியைச் சுரண்ட ஆரம்பித்தோம். சிப்பி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருப்பது விரல் நகம் அளவுதான். ஆனால் உளி வைத்துத் தட்டினால்தான் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு. இதைச் சுரண்டாமல் கடலுக்குப் போனால் டீசல் எகிறும் என்கிறார் அப்பா.

வகுப்பில் பவுண்டரி லேயர் (பரப்பை ஒட்டி ஓடும் திரவப் படலம்) நடத்தும்போது, பரப்பைத் தொடும் திரவத்தின் வேகம் அந்தப் பரப்பைப் பொறுத்துப் பூஜ்ஜியம் என்றார்கள். தண்ணீர் ஒட்டி நின்றுவிட்டால் உராய்வு எப்படி வரும்? வழவழப்பும் சொரசொரப்பும் ஒன்றுதானே? அப்பாவிடம் கேட்டேன். "ஒட்றதாலதான்டா இழுக்குது" என்று சொல்லிவிட்டு உளியைக் கையில் கொடுத்தார்.

பதில் 1 (தண்டையார்பேட்டை):

ஒட்டுவது உண்மைதான், தம்பி. எங்கள் வீட்டு ஃபேனைத் துடைத்த பத்தாம் நாள் இறக்கையில் மாவு மாதிரி தூசி. அவ்வளவு வேகமாகச் சுற்றியும் பறக்கவில்லை. இறக்கையை ஒட்டிய காற்று இறக்கையோடு சேர்ந்தே சுற்றுவதால் தூசிக்குக் காற்றே படுவதில்லை. இழுவைக் கணக்கு எனக்குச் சொல்லத் தெரியாது.

பதில் 2 (ராயபுரம், கப்பல் பழுதுபார்ப்பில் இருந்தவன்):

தம்பி, உங்கள் அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார். தண்ணீர் 'நிற்கிறது' என்பது படகில் இருந்து பார்க்கும்போது. கரையில் இருந்து பார்த்தால் அது படகின் வேகத்திலேயே ஓடுகிறது. சும்மா கிடந்த தண்ணீரை ஓட வைத்தது யார்? உங்கள் இன்ஜின். ஒட்டிய தண்ணீர் பக்கத்துத் தண்ணீரை இழுக்கிறது, அது அதற்கடுத்ததை. அப்படி இழுக்க வைப்பதுதான் பாகுநிலை. 15 மீட்டர் படகு மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், மில்லிமீட்டர் கணக்கில் தொடங்கும் இந்த இழுபடும் தண்ணீர்ப் படலம் பின்பக்கம் வரும்போது சுமார் 15 சென்டிமீட்டர் ஆகிவிடும். முக்கால் சாண் தண்ணீரைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

இனி சிப்பி. அந்தப் படலத்துக்குள் பரப்பை ஒட்டி அமைதியாக நழுவும் பகுதி 0.03 மில்லிமீட்டர் அளவுதான், தலைமுடியில் பாதிகூட இல்லை. அதற்குள் அடங்கும் சொரசொரப்பால் கெடுதல் இல்லை. 5 மில்லிமீட்டர் சிப்பி அதைத் தாண்டி, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் தலை நீட்டுகிறது. ஒவ்வொன்றின் முகத்திலும் தண்ணீர் மோதி, பின்னால் சுழல்கிறது. டீசல் அங்கே போகிறது.

பாகுநிலையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் இழுவிசையே பூஜ்ஜியம் என்று வரும். 18ஆம் நூற்றாண்டிலேயே டாலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அதில் மாட்டிக்கொண்டார். பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று 1904இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் சொன்னவர் லுட்விக் பிராண்டில் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. கையால் சுற்றும் சக்கரம் வைத்த தண்ணீர்த் தொட்டியில், கனிமத் தூளைத் தூவி ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். நீங்களும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

பார்த்தேன் சார். இன்று விடியற்காலை சித்தப்பாவின் ஃபைபர் படகில் போனேன். பின்பக்கம் குனிந்து நுரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கை நீட்டும் தூரத்தில் இருந்த நுரை சட்டென்று பின்னால் போய்விட்டது. பலகையை ஒட்டிய நுரை மட்டும் துடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அப்பாவிடம் சொன்னேன், தலையாட்டினார். ஒரு சந்தேகம்: பாதிப் படகு இன்னும் பாக்கி. எந்தப் பக்கத்தை அதிகக் கவனமாகச் சுரண்ட வேண்டும்?

பதில் 2-இல் எழுதியவர்:

முழுவதும் சுரண்டத்தான் வேண்டும். ஆனால் அணியத்தில் ஒன்றுகூட விடாதீர்கள். அங்கே படலம் மெல்லியது, அதே சிப்பி அங்கே இன்னும் வேகமான தண்ணீரில் நிற்கும். அப்புறம், அந்த வட்டத் தழும்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள்.